கீப்பர் சாமிக்குப் பிடிமண்

சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் போகிற பாதையில் கம்பெனி கிரவுண்டு என்று ஒன்று உண்டு. அதன் வடக்கு கோல் கம்பத்துக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருக்கும். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வருசத்துக்கு ஒரு நாள் எண்ணெய்ப் பரோட்டாவும் கலர் சோடாவும் படைப்பார்கள். பரோட்டா தின்கிற சாமி வேறெங்காவது உண்டா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். உயிரோடு இருந்தபோது ஒரு மனுசன் எதை ஆசையாகத் தின்றானோ அதைத்தானே செத்த பிறகும் படைக்க முடியும்? அவர் பெயர் ஊர்க்காவலன். ஊர் அவரைக் கீப்பர் சாமி என்று கும்பிட்டது. பாலம்மாளுக்கு அவர் வீட்டுக்காரர்.

அந்தக் கிரவுண்டுக்கும் பிறந்த கதை உண்டு. முதலில் அது வேலிக்கருவேல் அடைந்த பொட்டல். தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் குச்சி காயப்போடுவதற்காக முள்ளை வெட்டித் தரையைத் திருத்தினார்கள். சாயங்காலம் குச்சியை அள்ளிக்கொண்டு போனபின் ஆட்கள் அங்கே பந்து உதைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த முதலாளிமாருக்கு ஆசை வந்துவிட்டது. உன் கம்பெனிக்கு ஒரு டீம், என் கம்பெனிக்கு ஒரு டீம் என்று ஏட்டிக்குப் போட்டியாகக் கிளம்பினார்கள். உதைக்கிற கால் நன்றாக இருந்தால் போதும், கம்பெனியில் வேலை நிச்சயம். தீபாவளி முடிந்து கம்பெனிகள் கதவடைக்கும் நாட்களில் டோர்னமென்ட் நடக்கும். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் டீம் வரும். காரியாபட்டிப் பக்கத்துச் சம்சாரிகள் லாரி பிடித்து வந்து, லாரி மேலேயே உட்கார்ந்து பார்ப்பார்கள். கோல் விழுந்தால் சரவெடி. விற்காமல் மிஞ்சின சரக்கெல்லாம் அங்கேதான் வெடித்துத் தீரும். புகை அடங்குகிற வரைக்கும் ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஊர்க்காவலன் ஆனைக்குட்டத்துப் பக்கம் களை வெட்டிக்கொண்டிருந்தவர். அவர் அப்பா காலத்திலிருந்து ஊரான் நிலத்தில் கூலி வேலை. நெடுநெடுவென்று வளர்ந்த உடம்பும் அகன்ற உள்ளங்கையும் பார்த்து ஒரு கம்பெனிக்காரர் அவரைக் கூட்டிவந்து கம்பத்துக்குள் நிறுத்தினார். பெயருக்கு ஏற்ற வேலைதான் என்று கேலி பேசியவர்கள், இரண்டு வருசத்தில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். எண்பத்து நாலாம் வருசத்து ஃபைனலில், மூலைக்குப் போன ஒரு பந்துக்குப் பாய்ந்தார். பந்து கைக்குள் வந்தது. தலை கம்பத்தில் மோதி மண்ணில் ரத்தம் சொட்டியது. அந்தக் காலத்துக் கம்பம் பழைய தண்டவாள இரும்பு.

மயக்கம் என்று நினைத்து ஓரமாகத் தூக்கிப் போட்டார்கள். இன்னொருத்தனைக் கம்பத்தில் நிறுத்திவிட்டு மிச்சமிருந்த நேரத்தையும் ஆடி முடித்தார்கள். ஜெயித்தார்கள், வெடி போட்டார்கள், அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியில் உயிர் போய்விட்டது. மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்தார்களே, அதைத்தான் பாலம்மாளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மகன் பாண்டிமுருகன் அப்போது தத்தித் தத்தி நடை பழகிக்கொண்டிருந்தான்.

ரத்தம் சிந்திச் செத்தவர்களை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். இடம் கொடுத்து உட்காரவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இடமில்லாமல் அலைவார்கள், அலைகிறவர்கள் அடுத்தவர்களையும் அலைக்கழிப்பார்கள். ரத்தம் விழுந்த இடத்திலேயே கல்லை நட்டார்கள். அதன்பிறகு எந்த ஊர் கீப்பர் வந்தாலும் வடக்குக் கம்பத்துக்குள் நிற்கப் போகுமுன் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவான்.

காலம் அப்படியேவா இருக்கும்? டிவி வந்தது, கிரிக்கெட் வந்தது, முதலாளிமார் பிள்ளைகள் சென்னைக்குப் படிக்கப் போனார்கள். டீம்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. சுற்றுச்சுவர் இடிந்தது. சீசன் நேரத்தில் லோடு லாரிகள் கிரவுண்டுக்குள் வந்து வரிசையாக நின்றன. பையன்கள் மட்டும் விடாமல் லாரிக்கு நடுவே பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாயிரத்து ஏழில், ஒருவழியாக ஸ்டேடியம் கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நாலு பக்கமும் கேலரி, ராத்திரி ஆட விளக்கு, உடை மாற்ற அறை. பங்குனி கடைசியில் ஜேசிபி வந்து இறங்கியது.

பாலம்மாள் வேலை பார்ப்பது ஒரு வெடி கம்பெனியில். புருசன் செத்த பிறகு கம்பெனி கொடுத்த வேலை. குழாய் சுற்றுவதில் ஆரம்பித்து, திரி வைப்பது, மருந்து நிரப்புவது என்று எல்லா ஷெட்டிலும் இருந்துவிட்டு, கடைசியில் முடிந்த சரக்கைத் தரம் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அணுகுண்டு வெடி ஒவ்வொன்றையும் எடுத்து மருந்து குறைந்ததைத் தள்ள வேண்டும். தராசெல்லாம் கிடையாது. எடுக்கிற கைதான் தராசு. பக்கத்தில் இருக்கிறவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமலே, நல்லதை வலப்பக்கமும் நொள்ளையை இடப்பக்கமும் போட்டுக்கொண்டிருப்பாள்.

பாண்டிமுருகன் வளர்ந்து அதே கம்பெனியில் மருந்து ரூமுக்குப் போனான். மருந்து கலக்குகிற வேலைக்குக் கூலி கூடுதல். ஏன் கூடுதல் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்குகிறபோது மருந்தில் கலக்கிற வெள்ளிப் பொடி அப்பி ஆள் சிலை கணக்காக இருப்பான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதுமடலிலும் நகக்கண்ணிலும் வெள்ளி மினுங்கும். போன வருசம் சித்திரை வெயிலில் அவனுடைய ரூம் வெடித்தது. அவன் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தான். உள்ளே இருந்த பாலகுரு, அவன் வயதுப் பையன், மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று ஊர் ஆறுதல் சொன்னது. பாலம்மாளுக்கு ஆறவில்லை. பாலகுருவை வாழையிலையில் கிடத்தியிருந்ததை அவள் ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தாள். அடையாளம் தெரியாமல், இது நம் மகன்தானோ என்று ஒரு நிமிசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

அதனால் ஸ்டேடிய வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும், மேஸ்திரி அய்யாதுரை வீட்டு வாசலில் போய் நின்று மகனைச் சேர்த்துவிட்டாள். கூலி குறைவுதான். ஆனால் சிமென்ட் குளித்தால் போய்விடும். கட்டி முடித்ததும் கிரவுண்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கும், கீப்பர் மகன் என்று சொன்னால் எல்லாரும் சரி என்பார்கள் என்று அய்யாதுரை வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் பாலம்மாள் ஒரு மாதமாக ஒழுங்காகத் தூங்கினாள்.

வைகாசி பிறந்த ஒரு நாள். வெயில் காலத்தில் வெடி கம்பெனிகளில் விடியுமுன் வேலை தொடங்கி, மத்தியானம் உச்சி சாய்ந்ததும் விட்டுவிடுவார்கள். பாலம்மாள் வேனிலிருந்து இறங்கி, தண்ணீர்க் குடம் நிரப்பி, கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். பாண்டிமுருகன் வேலை நேரத்திலேயே வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். தட்டில் சோறு போட்டு வைத்தாள். பிசைந்தான், ஆனால் வாயில் வைக்கவில்லை.

“எம்மா, இன்னைக்கு வடக்குப் பக்கம் பில்லர் குளிக்கு மார்க் போட்டாக.”

“போடட்டும்.”

“அப்பா கல்லு மேலயே விளுந்திருக்கு.”

பாலம்மாள் அடுப்பை அணைத்தாள். நாலடி தள்ளித் தோண்டச் சொல்லேன் என்றாள். தள்ள முடியாது, ஒரு பில்லரை நகர்த்தினால் கேலரி பூராவும் நகரணும், இன்ஜினியர் செழியன் சார் பேப்பரை விரித்து எல்லாவற்றையும் காட்டிவிட்டார் என்றான் அவன். வேலையாட்கள் அத்தனை பேரும் காலையிலேயே கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார்களாம். கீப்பர் வீட்டம்மா வாயால் சொல்லாமல் அந்தக் கல்லில் கைவைக்க மாட்டோம் என்று ஒரே பேச்சு. கான்ட்ராக்டருக்குக் காரியாபட்டியில் வேறு வேலை காத்திருக்கிறது. இந்தத் தகராறு தீராவிட்டால் மெஷினை ஏற்றிக்கொண்டு அங்கே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாராம்.

“அப்படிப் போனா என்ன? போகட்டும்,” என்றாள்.

“போனா வேலை நின்னுரும். பெறகு நான் எங்கன போக? கம்பெனி போர்மேன் சங்கரபாண்டியன் போன வாரமே ஆள் அனுப்பிட்டாரு. மருந்து ரூமுக்கு ஆள் இல்லையாம், வாரியா வாரியாங்காரு.”

“அதைச் சொல்லி என்னைய மெரட்டுறயாலே?”

“மெரட்டலம்மா. இருக்கிறதைச் சொல்லுதேன். நீ வேண்டாம்னா வேண்டாம். நான் அப்பா கல்லுக்குக் குறுக்க பேச மாட்டேன். நான் பாத்த அப்பா அந்தக் கல்லுதான.”

தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் சண்டை போட்டிருந்தால் பாலம்மாள் திருப்பிச் சண்டை போட்டிருப்பாள். வேண்டாம் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், குடியிருக்கிற காலனி மொத்தமும் அவள் பின்னால் நிற்கும். கல் இருந்த இடத்தில் இருக்கும். மகன் வெள்ளிப் பொடிக்குத் திரும்பிப் போவான். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அவள் கண்முன் பாலகுருவின் வாழையிலைதான் நின்றது.

மறுநாள் வேனை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் கிரவுண்டுக்கு நடந்தாள். அனல் காற்று புழுதியைத் தூக்கி முகத்தில் அடித்தது. கிரவுண்டு கிரவுண்டாக இல்லை. தெற்கே பில்லர்கள் கம்பி நீட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஜல்லி மலை. வடக்கே மட்டும் எதையும் தொடாமல் விட்டிருந்தார்கள். கல்லைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு சதுரம் போட்டிருந்தது. மகன் தலையில் சிமென்ட் சட்டியோடு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை.

செழியன் மதுரைக்காரப் பையன், முப்பது வயது இருக்கும். கல்லுக்குப் பக்கத்தில் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். இவன் ஒரு முரட்டு ஆளாக இருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று பாலம்மாளுக்குத் தோன்றியது. நீங்கள் சொல்லாமல் ஒருத்தரும் தொட மாட்டார்கள் அம்மா என்றான். சாமியைத் திரும்ப இதே கிரவுண்டுக்குள் வேறு மூலையில் வைக்கலாமா என்று கேட்டாள். மேலிடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஸ்டேடியத்துக்குள் கோயில் இருக்கக் கூடாதாம், தானும் கேட்டுப் பார்த்துவிட்டதாகச் சொன்னான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே அந்தப் பூசாரி யாரென்றே தெரியவில்லை.

அவன் போன பிறகு கல்லுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் உட்கார்கிற இடம். காலனியில் ஒரே வளவுக்குள் மூன்று குடித்தனம், பொம்பளை ஒருத்தி வாய்விட்டு அழ இடம் கிடையாது. இங்கே வந்துதான் அழுவாள். அழுகிறாள் என்றுகூடச் சொல்ல முடியாது, பாதி நாள் திட்டுவாள். விட்டுட்டுப் போயிட்டீகளே, ஒரு பந்துக்காக மண்டையைக் கொடுத்தீகளே என்று திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். இந்த இடமும் போனால் இனி யாரை எங்கே போய்த் திட்டுவது?

வழி சொன்னவன் அவள் கொழுந்தன் முத்துக்கருப்பன். ஊர்க்காவலனுக்கு நேர் இளையவன். அண்ணன் சாமியானதிலிருந்து பூசை அவன் கையில். சேதி கேள்விப்பட்டு விருதுநகரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகப் பேச்சை எடுத்தான்.

“மதினி, போறதா இருக்கிறதான்னு முடிவு பண்ண நாம ஆரு? குடியிருக்கிறவுகளைக் கேக்காம வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாமா? அண்ணனையே கேட்டுருவோம்.”

“எப்பிடிக் கேக்க?”

“பூக்கட்டிக் கேப்போம். வெள்ளை வந்தா வாரேன்னு அர்த்தம். பிடிமண் எடுத்து, கல்லோட கொண்டாந்து, உங்க வளவுல வச்சுருவோம். செவப்பு வந்தா நகர மாட்டேன்னு அர்த்தம். பெறகு கலெக்டரே வந்தாலும் தொட விடக் கூடாது.”

பிடிமண் என்பது பழைய வழக்கம். சாமியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் இருக்கிற இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போனால் போதும். மண் போகிற இடத்துக்குச் சாமியும் போகும். ஆனால் உத்தரவு இல்லாமல் எடுத்த மண் வெறும் மண். எடுத்தவர்கள் குடும்பத்தை அது சும்மா விடாது என்றும் சொல்வார்கள்.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அய்யாதுரை ஒத்துக்கொண்டார், கான்ட்ராக்டரும் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கிறேன் என்றார். பாண்டிமுருகன் அம்மாவுக்கும் சின்னையாவுக்கும் முன்னால் நின்று, சிவப்பு வந்தால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திங்கட்கிழமை கம்பெனி வேனில் ஏறுவேன் என்று சொன்னான். அவன் சொன்னால் செய்கிறவன்.

நடுவில் கிடந்த நாட்கள் அவளுக்கு நாளாக இல்லை. கம்பெனியில் முதல்முறையாக நொள்ளை வெடி ஒன்று நல்ல கூட்டத்தில் போய்விட்டது. போர்மேன் ஏசினார். வெள்ளை வரட்டும் என்று வேண்டிக்கொள்வாள், உடனே அது துரோகம் என்று தோன்றும். சிவப்பு வரட்டும் என்று நினைத்தால் அந்த வாழையிலை கண்முன் வந்து நிற்கும். கடைசியில் எதையும் வேண்டாமல் விட்டுவிட்டாள். அவராகப் பார்த்துச் சொல்லட்டும், இத்தனை வருசம் நான் ஒற்றை ஆளாக முடிவெடுத்தது போதும் என்று நினைத்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. புருசன் இருக்கிற பொம்பளைகளுக்குக் கிடைக்கிற அந்தச் சின்னச் சௌகரியம் தனக்கும் ஒருநாள் கிடைக்கட்டுமே என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனியே கிரவுண்டில் இருந்தது. வேலையாட்கள் ஜல்லிக் குவியல் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். செழியன் கொஞ்சம் தள்ளிக் கைகட்டி நின்றான். முத்துக்கருப்பன் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, சூடம் காட்டினான். பூவுக்கு எங்கேயும் அலையவில்லை, கிரவுண்டு ஓரத்திலேயே அரளிச் செடிகள் நின்றன. சிவப்பு அரளியில் ஒன்று, வெள்ளை அரளியில் ஒன்று பறித்தான். மடிக்கத் தாள் கேட்டான். சிவகாசியில் தாளுக்கா பஞ்சம்? வெடிக்குழாய் சுற்றுகிற காக்கித்தாள் யாரோ ஒருத்தி மடியிலிருந்தே வந்தது. எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டையும் ஒரே அளவாக மடித்து, நூல் சுற்றி, தாம்பாளத்தில் போட்டுக் குலுக்கினான்.

சாதாரணமாகச் சின்னப் பெண்பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுத்தான் எடுக்கச் சொல்வார்கள். ஓவியா என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை பாவாடை கட்டித் தயாராக நின்றது. முத்துக்கருப்பன் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

“பிள்ளையை விட்டு எடுத்தா நாளைக்கு ஒருத்தன் ஒண்ணு சொல்லுவான். தாலி கட்டுனவுக கிட்ட தாலி வாங்குனவுகளே கேக்கட்டும். மதினி, நீங்க வாங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுங்க.”

அதுதான் நியாயம் என்று கூட்டம் சொன்னது. ஊரே சேர்ந்து செய்த தப்பு அது. கையை வைத்துப் பிழைக்கிற ஊர், கண்ணை மூடச் சொன்னதே தவிர கையை நினைக்கவில்லை.

பாலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்கு முன்னால் மண்டிபோட்டாள். கண்ணை மூடினாள். சொல்லுங்க என்று மனசுக்குள் கேட்டாள். கை தானாகப் போனது. முதலில் பட்ட பொட்டலத்தை விரல் லேசாகத் தூக்கியது. தூக்கினதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கனம் கூட. சிவப்பு அரளி, இதழ் அடுக்கடுக்காக இருக்கிற பூ. வெள்ளை ஒற்றை. இரண்டும் செடியில் நிற்பதை வருசக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் அவள். இரண்டு பூவுக்கும் எடையில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? வேறு எவருக்கும் இருக்காது. ஒரு சிட்டிகை மருந்து குறைந்தாலும் தள்ளிப் பழகின அந்தக் கைக்கு இருந்தது. தெரியாமல் இருக்க வேண்டும் என்று அந்தக் கணத்தில் அவள் எவ்வளவோ ஆசைப்பட்டாள். தெரிந்ததைத் தெரியாததாக்க அவளால் முடியவில்லை.

அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ரத்தம் சிந்தின இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார். அந்தப் பக்கம் ஜல்லிக் குவியலில் எங்கேயோ மகன் நிற்கிறான். சிவப்பு என்றால் நாளைக்கு விடியுமுன் வேன் வரும். விரல் அந்தப் பொட்டலத்தின் மேல் ஒரு மூச்சு நேரம் இருந்தது. பிறகு அதை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்ததை எடுத்து முத்துக்கருப்பன் கையில் கொடுத்தாள். தட்டில் துழாவி எடுப்பது எல்லாரும் செய்வதுதான். யாரும் ஒன்றும் கவனிக்கவில்லை.

நூலைப் பிரித்தான். வெள்ளை.

பொம்பளைகள் குலவை போட்டார்கள். வேலையாட்கள் கைதட்டினார்கள். செழியன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பாண்டிமுருகன் ஓடிவந்து கல்லைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அத்தனை பேருக்கும் சந்தோசம். பாலம்மாள் எழுந்திருக்க முடியாமல் அதே இடத்தில் இருந்தாள். மனசு நிறைஞ்சு போச்சு பாவம் என்று இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார்கள்.

மகன்தான் தோண்டினான். கல்லின் அடியில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் வைத்து முடிந்து அம்மா மடியில் கட்டினான். பிடிமண் சுமக்கிறவர்கள் அதைப் புது இடத்தில் இறக்குகிறவரை வாய் திறக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. முன்னால் முத்துக்கருப்பன் வேப்பிலையோடு நடந்தான், பின்னால் தள்ளுவண்டியில் கல் வந்தது. மகன் அவள் பக்கத்திலேயே வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அவள் எவ்வளவோ காலமாகப் பார்த்ததில்லை.

“எம்மா, நீ பேச வேண்டாம், கேட்டுக்கிட்டு மட்டும் வா. அப்பா முடியாதுன்னு சொல்லிருவாகன்னுதான் நான் நெனச்சேன். ராத்திரி பூரா ஒறக்கம் இல்ல. நான் அந்த ரூமுக்குப் போகக் கூடாதுன்னு அவுக இந்த எடத்தையே விட்டுக் குடுத்துட்டாகம்மா. மொகம் தெரியாத அப்பா. எனக்காக எறங்கி வந்துட்டாக பாத்தியா?”

பாலம்மாள் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் அந்த நடுரோட்டிலேயே கதறியிருப்பாள். மடியில் மண் கனத்தது. ஒரு பிடி மண் அவ்வளவு கனக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

வளவின் தெற்குச் சுவரோரம், தண்ணீர்க் குழாய்க்கு எதிரே இடம் ஒதுக்கியிருந்தார்கள். மண்ணைப் போட்டு, மேலே கல்லை நட்டு, சுற்றிச் சிமென்ட் பூசினார்கள். அந்தப் பூச்சு வேலையைப் பாண்டிமுருகனே செய்தான். கரண்டியை அவன் பிடித்த பிடியைப் பார்த்து, தொழில் கைக்கு வந்துருச்சே என்றார் அய்யாதுரை. பூசை முடிந்து, சாப்பிட்டு, ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். முத்துக்கருப்பன் மதினியிடம் விபூதி கொடுத்துவிட்டு, அண்ணன் என்னைக்கும் பெரிய மனசுக்காரன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான். பாண்டிமுருகனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கே குழி எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், நான் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று கிளம்பிவிட்டான்.

வளவு காலியானது. உச்சி வெயில். பாலம்மாள் மட்டும் கல்லுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். விதி முடிந்து எவ்வளவோ நேரம் ஆகியும் அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“நீங்க வரமாட்டேன்னுதான் சொன்னீக,” என்றாள். “எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் அதை விட்டுட்டு மத்ததை எடுத்தேன். உங்க தம்பி மேல தப்பு இல்ல. ஊர் மேலயும் தப்பு இல்ல. நீங்க பெரிய மனசு பண்ணி வந்தீகன்னு உங்க மகன் நெனச்சுக்கிட்டு இருக்கான். அவன் அப்பிடியே நெனைக்கட்டும்.”

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் உருட்டினார்கள். சத்தம் அடங்கட்டும் என்று இருந்தாள்.

“உங்களை ஒரு தடவை தூக்கிட்டு வந்து போட்டாக. பாத்தேன். இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது. அதான் செஞ்சேன். உங்களை எடத்தை விட்டுப் பேத்துக் கொண்டாந்தது நான். நான் ஒருத்திதான்.”

கல் வெயிலில் கொதித்துக் கிடந்தது. வலது கையை விரித்து அதன்மேல் வைத்து அழுத்தினாள். சுட்டது. எடுக்கவில்லை.

“கோவம்னா எம்மேல வாங்க. அவன் பக்கம் போயிராதீக.”